நீரால் நிதி விளக்கிய பிலிப்ஸ்

நிதிநூல் என்றவளவிலே மாணவருட் பலர் அஞ்சி அகல்வர். அவ்வச்சத்தை நீர்கொண்டு போக்கிய பில் பிலிப்ஸ் என்னும் அறிஞரை யாம் ஈண்டு நினைவுகூர்வாம்.

1914-ஆம் ஆண்டு நியூசீலந்தில் தோன்றிய அவர் பொறித்தொழில் வல்லவர். போர்க்காலத்தே சாவகத்திற் சிறையிருந்தவர். பின்னர் இலண்டன் பொருளாதாரக் கல்லூரியிற் சமூகவியல் பயின்ற அவர், பணம் ஓடுவதாக நூல்கள் சொல்லளவிற் கூறியதனை மெய்யாகவே ஓடவிட்டுக் காண விழைந்து, 1949-இல் ஆளுயரத்தினும் ஓங்கியதோர் இயந்திரம் அமைத்தார். அதன்கண் நாட்டு வருமானம் வண்ண நீராய் இறங்கும். வரி, சேமிப்பு, இறக்குமதி எனக் கிளைகள் பிரியும். அரசின் செலவு, முதலீடு, ஏற்றுமதி என நீர் மீண்டு வந்து சேரும். வரிமதகைச் சிறிது அகலத் திறப்பின், மக்கள் செலவாகிய ஓடை மெலிதலைச் சிறுவரும் காண்பர். இயந்திரம் சிற்சில வேளை ஒழுகியதும் உண்டு!

பேராசிரியர் மீட் என்பார் மாணவர் ஒருவரை நிதியமைச்சராகவும், மற்றொருவரை மைய வங்கித் தலைவராகவும் அதன்முன் நிறுத்துவர். வருமானத்தைக் குறித்த அளவில் நிலைபெறச் செய்தலே இருவர்க்கும் பணி. ஒருவர் செய்வதை மற்றவர் நோக்காது வரியையும் வட்டியையும் தனித்தனியே திருப்புவராயின், நீர் நில்லாது ஏறியும் இறங்கியும் அலையும். ஆங்கு அலைவது நீர். நாட்டிலோ மக்களின் வேலையும் பண்டங்களின் விலையும்.

வேலையின்மையும் கூலியும் பற்றி 1958-இல் அவர் வரைந்த கட்டுரையாலேயே உலகம் அவரை மிகுதியும் அறியும். 1975-இல் மறைந்த அப்பெரியாரை யாமோ அத்தொட்டிகளால் அறிதலையே விரும்புகின்றோம்.