அறுபது ஓம் சொல்லும் சேதி

நாமக்கல், சங்ககிரி லாரிப் பட்டறைகளில் ஸ்பேனரோடு மல்டிமீட்டருக்கும் இன்று வேலை இருக்கிறது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்தபின் எஞ்சின், பிரேக், புகைச் சுத்திகரிப்பு ஆகியவற்றின் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் முறுக்கிய இரண்டு ஒயர்கள் வழியே ஓயாமல் பேசிக்கொள்கின்றன. ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1986-இல் அறிமுகப்படுத்திய ‘கேன்’ முறை இது. ஐந்தாறு எச்சரிக்கை விளக்குகள் ஒன்றாக எரிந்தால் ஐந்தாறு சென்சார்களும் ஒரே நாளில் கெட்டிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. எல்லாவற்றுக்கும் பொதுவான பேட்டரி, எர்த், அந்த ஒயர் ஜோடி ஆகியவற்றையே முதலில் சந்தேகிக்க வேண்டும். பேட்டரியைக் கழற்றிவிட்டு இரண்டு ஒயர்களுக்கும் நடுவே அளந்தால் சுமார் 60 ஓம் காட்டும். இரு முனைகளிலும் தலா 120 ஓம் தடை இணையாக இருப்பதே காரணம். 120 காட்டினால் ஒயர் அறுந்திருக்கலாம், அல்லது ஒரு முனைத் தடை போயிருக்கலாம். பூஜ்யத்தை ஒட்டினால் இரண்டும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருக்கின்றன.

பழுதைப் படித்துச் சொல்லும் ஸ்கேனர் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். ஸ்கேனர் அவசியம்தான், மறுக்கவில்லை. ஆனால் ‘தகவல் வரவில்லை’ என்று அது சொல்வது அறிகுறி. பெட்டி கெட்டதா, துருப்பிடித்த எர்த்தா என்பதை அளந்துதான் அறிய முடியும். பாடி கட்டும் ஊர்க்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள்: இந்தப் பெட்டிகள் கெடாமலிருக்க, சேஸிஸில் வெல்டிங் வைக்குமுன் பேட்டரியையும், தயாரிப்பாளர் சொல்லும் பெட்டிகளின் இணைப்புகளையும் கழற்றுங்கள், வெல்டிங் எர்த்தைப் பற்றவைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள்.