கண்டது கற்க ஒரு கடை வேண்டும்

இளம் அறிவியல் (இயற்பியல்), இரண்டாம் ஆண்டு

300 ரூபாய் விலையிட்ட ஒரு நூல் ஊர்க் கடையில் 300 ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதுவே இணையத்தில் 250 ரூபாய்க்கு வாசலுக்கே வருகிறது என்று வைத்துக்கொள்வோம். உதவித்தொகையை நம்பிப் படிக்கும் மாணவனுக்கு 50 ரூபாய் என்பது ஒரு நாள் மதியச் சாப்பாடு. எனவே மலிவான இடத்தில் வாங்குவோரைக் குறை கூற இயலாது. ஆயினும் அந்த 50 ரூபாய் எங்கிருந்து குறைகிறது என்பதை நாம் சிந்திக்க வேண்டும்.

நூலின் விலையில் ஒரு பகுதியைப் பதிப்பகத்தார் விற்பனையாளருக்குக் கழிவாகத் தருகின்றனர். வாடகை, மின்கட்டணம், ஆட்கூலி யாவும் ஊர்க் கடைக்காரருக்கு அதிலிருந்தே வர வேண்டும். இணைய நிறுவனங்களின் நிலை வேறு. அமேசான் 1995-இலும், நம் நாட்டு ஃபிளிப்கார்ட் 2007-இலும் புத்தகம் விற்றே தொழிலைத் தொடங்கின. இன்று அவை விற்கும் எண்ணற்ற பொருள்களுள் புத்தகமும் ஒன்று. இதில் குறைந்த இலாபத்தை வேறொன்றில் ஈடுகட்டிக்கொள்ள அவற்றால் முடியும்.

இத்தகைய விலைப்போட்டியை மேலைநாடுகள் முன்பே கண்டன. பதிப்பாளர் குறித்த விலைக்கே விற்க வேண்டும் என்ற உடன்பாடு பிரிட்டனில் 1900 முதல் இருந்து, 1995-இல் குலைந்தது. 2007-இல் ஹாரி பாட்டர் வரிசையின் இறுதி நூல் வெளிவந்தபோது, ஏறத்தாழ 18 பவுன் விலையுள்ள அதனை ஒரு பல்பொருள் அங்காடி 5 பவுனுக்கு விற்றது. சிறு கடைக்காரர் அவ்விலைக்கு எவ்வாறு விற்பார்?

பிரான்சு வேறு வழியை மேற்கொண்டது. புதிய நூல்களுக்கு 5 விழுக்காட்டுக்கு மேல் தள்ளுபடி கூடாது என 1981-இல் சட்டம் இயற்றியது. 2014-இல், இணையத்தில் விற்போர் தள்ளுபடியுடன் இலவசமாகவும் அனுப்பக் கூடாது என்றது. உடனே அமேசான் அனுப்பும் கட்டணத்தை ஒரு சென்ட் என வைத்தது! பின்னர் 2023 அக்டோபர் முதல், 35 யூரோவுக்குக் குறைவாக வாங்கினால் அனுப்பும் கட்டணம் குறைந்தது 3 யூரோ என்றாயிற்று. நம் நாட்டில் இத்தகைய சட்டம் ஏதுமில்லை.

கடை மூடப்பட்டால் நமக்கென்ன நட்டம் என்று கேட்கலாம். கைப்பேசியில் பெயரைத் தட்டினால் புத்தகம் வரும். ஆனால் பெயர் தெரிந்திருக்க வேண்டுமே! படித்தவர் நிறைந்த வீட்டில் இன்ன நூலைப் படி என்று சொல்ல ஆளுண்டு. என் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நானே. வினா-விடைத் தொகுப்பு வாங்கக் கடைக்குச் சென்றபோதுதான், பக்கத்து அலமாரியில் பெ. நா. அப்புசாமியின் அறிவியல் கட்டுரைகளைக் கண்டேன். நின்றவாறே பத்துப் பக்கம் படித்தேன், கடைக்காரர் தடுக்கவில்லை. அதுவரை கேள்விப்படாத பெயரை நான் எங்கே தேடியிருப்பேன்? ‘கண்டது கற்கப் பண்டிதன் ஆவான்’ என்பர். கற்பதற்கு முன் கண்ணில் பட வேண்டும். எனவே கடை மூடப்பட்டால் முதல் இழப்பு நம் போன்றோருக்கே.

விலை மிகுந்த பாடநூலை மலிவான இடத்தில் வாங்குவோம், அதில் தவறில்லை. ஆனால் கடையில் புரட்டிப் பார்த்துத் தேர்ந்த நூலைக் கடையிலேயே வாங்குவது முறை. வகுப்பு மாணவர் 20 பேர் சேர்ந்து ஒரே நூலை வாங்கினால், கடைக்காரரிடம் கழிவு கேட்கவும் இடமுண்டு. கல்லூரி விழாக்களில் வழங்கும் பரிசு நூல்களை உள்ளூரிலேயே வாங்கலாம் என்பது பேராசிரியப் பெருமக்களுக்கு என் பணிவான வேண்டுகோள்.