அடைபட்ட கூடும் ஏறும் வெப்பமும்

இருவாய்ச்சிப் பறவையை மலேசியத் தமிழர்க்கு அறிமுகம் செய்ய வேண்டுவதில்லை. சரவாக் மாநிலம் அதனைத் தன் சின்னமாகவே கொண்டுள்ளது. அலகின்மீது இன்னோர் அலகு கவிந்தாற்போன்ற கொண்டை இருத்தலின், இரு வாய் உடையது என்னும் பொருளில் அப்பெயர் எழுந்தது என்பர். ஆனால், இங்கே நாம் காணப் புகுவது நம் காட்டுப் பறவையை அன்று. தென்னாப்பிரிக்காவின் காலகாரிப் பாலையில் வாழும் அதன் சிறிய உறவாகிய மஞ்சள் அலகு இருவாய்ச்சியையே. இதற்கு அக்கொண்டை பெயரளவிற்கே உண்டு. ஆயினும் கூடமைக்கும் முறை ஒன்றுதான்.

மரப்பொந்தினுள் புகுந்த பெட்டை, அதன் வாயிலை மண்ணும் எச்சமும் கொண்டு அடைத்து, அலகு நுழையும் அளவிற்கு ஒரு கீற்றுப் பிளவை மட்டும் விட்டுவைக்கும். ஏறத்தாழ 50 நாள் அது வெளிவருவதில்லை. அந்நாட்களில் பறத்தற்குரிய சிறகுகளை உதிர்த்துப் புதியன வளர்த்துக்கொள்ளும். ஆதலால் இடையில் வெளியேறிப் பறக்கவும் இயலாது. அதற்கும் குஞ்சுகளுக்கும் இரை கொணர்வது ஆண் ஒன்றே. குஞ்சுகள் ஓரளவு வளர்ந்தபின் தாய் வாயிலை உடைத்துக்கொண்டு வெளியேற, குஞ்சுகளே அதனை மீண்டும் அடைத்துக்கொள்ளும் என்பது வியப்பிற்குரிய செய்தி! பகைவர் புகாத அரண்தான். ஆனால், உள்ளிருப்போர் உயிர் வெளியிலிருக்கும் ஆணின் உழைப்பையே நம்பியுள்ளது. வெப்பம் தாக்குவதும் அவ்விடத்தில்தான்.

பறவைக்கு வியர்ப்பதில்லை. வாயைத் திறந்து மூச்சிரைத்தே அது உடலைக் குளிரச் செய்தல் வேண்டும். சூடு ஏறும்போது இருவாய்ச்சியின் பெரிய அலகிற் குருதியோட்டம் மிகுந்து, அதன் வழியாகவும் வெப்பம் வெளியேறுகிறது. ஆனால் வெளிக்காற்றே உடல் வெப்பத்தை நெருங்குமாயின் இவ்வழி பயன்படாது. மூச்சிரைத்துத் திறந்திருக்கும் அலகாற் பூச்சியைக் கௌவுவதும் எளிதன்று. எனவே ஆண் தானும் இளைக்கிறது. கூட்டிற்குச் சேரும் இரையும் குறைகிறது. வெயில் பெரும்பாலும் பறவையை நேரே கொல்வதில்லை. குடும்பத்தைப் பசியால் மெலிவிக்கிறது.

கேப் டவுன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் குருமன் ஆற்றுக் காப்பிடத்தில் கூட்டுப் பெட்டிகள் அமைத்து, 2008 முதல் 2019 வரை இப்பறவைகளைக் கணக்கெடுத்தனர். முடிவு 2022இல் வெளியாயிற்று. முதல் மூன்று பருவங்களில், குஞ்சொன்றையேனும் வளர்த்துப் பறக்கவிட்ட கூடுகள் நூற்றுக்கு 58. கடைசி மூன்று பருவங்களில் 17. பறவைகள் குடியேறிய பெட்டிகளோ நூற்றுக்கு 52 என்பதிலிருந்து 12 ஆகக் குறைந்தன. கூட்டுக்காலத்தின் அன்றாட உச்ச வெப்பநிலைச் சராசரி 35.7 பாகை செல்சியசைத் தாண்டியபோது ஒரு கூடும் வெற்றி பெறவில்லை. ஒரு நாள் வெயில் இவ்வளவிற்கு ஏறினாற் கூடு கெடும் என்று இதனைப் பிழைபட உணர்தல் கூடாது. இது பல நாட்களின் சராசரி. வறட்சியே காரணமாகலாமோ எனின், வறட்சியில்லா ஆண்டுகளிலும் வெப்பத்தின் கேடு புலப்பட்டது.

குளிர்ந்த மாதங்களுக்குப் பருவத்தை மாற்றிக்கொள்ளலாகாதா? மழை பெய்து பூச்சி பெருகினாலன்றி இப்பறவை கூடு கட்டுவதில்லை. அங்கே மழைக்காலமும் கோடையும் ஒன்றே. நெதர்லாந்தின் பொந்துவாழ் ஈப்பிடிப்பான் படும் துன்பமும் காலத்தைப் பற்றியதே எனினும் வேறு வகையினது. ஆப்பிரிக்காவிலிருந்து அது வந்து சேருமுன் இலைப்புழுக்களின் பெருக்கம் முந்திவிடுகிறது. புழு மிக முந்திய காடுகளில் இருபது ஆண்டுகளில் அப்பறவை நூற்றுக்குத் தொண்ணூறளவு குறைந்ததென 2006இல் கண்டறிந்தனர்.

மரப்பெட்டியின் மெல்லிய சுவர் பொந்தினும் விரைவிற் சூடேறும் என்பது உண்மையே. எனவே காலகாரிக் கணக்கைப் பொந்துகளுக்கு அப்படியே பொருத்துவதிற் சற்றுத் தயக்கம் வேண்டும். எனினும் ஆண் இரை தேடும் வெளி இரண்டிற்கும் பொதுவன்றோ?

வெப்பம் இதே விரைவில் ஏறினால், 2027ஆம் ஆண்டளவில் அங்கே கூட்டுப்பருவம் முழுவதும் அவ்வெல்லையைக் கடந்துவிடும் என்று அவர்கள் மதிப்பிட்டனர். இவ்வினமே உலகில் அற்றுப்போகும் என்பது இதன் பொருளன்று; தென்பகுதி ஆப்பிரிக்காவின் வேறு பல இடங்களிலும் அது வாழ்கின்றது. அக்காப்பிடத்தில் முதிய பறவைகள் இறந்தபின் அவற்றின் இடத்தை நிரப்ப இளையவை இரா என்பதே அவர்தம் கணிப்பு.