காலடிப்பேட்டையிலிருந்து சிட்னி: குடும்பத்தோட போறீங்களா? வாடகையை மட்டும் பார்த்து ஏரியா பிடிக்காதீங்க

ஆஃபர் லெட்டர் வந்தாச்சு, விசா கிராண்ட் மெயிலும் வந்தாச்சு. சம்பளத்தை ரூபாய்க்கு மாத்தி நாலு தடவை பார்த்தாச்சு. இப்போ வீட்டில ஒரே கேள்வி: "அங்க எந்த ஏரியாவுல இருக்கப் போறோம்?"

இந்த இடத்துலதான் நம்மில பலர் அவசரப்படறோம். ஆபீஸ்ல யாரோ ஒருத்தர் ஒரு பேர் சொல்வார், வாட்ஸ்அப் குரூப்ல இன்னொருத்தர் வேற பேர் சொல்வார். வாடகை எங்க குறைச்சலோ அங்க கையெழுத்துப் போட்டுடுவோம். ஆறு மாசம் கழிச்சுப் பார்த்தா, இங்க போட்ட சேமிப்புக் கணக்கு ஒண்ணும் அங்க நடந்திருக்காது. சம்பளம் குறைஞ்சதால இல்ல, ஏரியா தப்பா அமைஞ்சதால.

நம்ம வீடியோவுக்கு அதிகமா வர்ற கேள்வி ஆஸ்திரேலியா பத்தினதுதான். அதனால சிட்னியை உதாரணமா எடுத்துக்குவோம். லண்டனோ டொராண்டோவோ போறவங்களுக்கும் கணக்குப் போடுற முறை இதேதான்.

முதல்ல நம்ம ஏரியாவையே பாருங்க

காலடிப்பேட்டைங்கிற பேரே ஒரு குடிபெயர்ந்த கதைதான். 1717 முதல் 1720 வரை மதராஸ் கவர்னரா இருந்த ஜோசப் காலெட், நெசவாளர்களைக் கொண்டுவந்து திருவொற்றியூர் பக்கத்துல குடியேத்தினார். காலெட் பேட்டை நாளடைவில காலடிப்பேட்டை ஆச்சு. வேலை செய்யற இடம், கும்பிடுற கோயில், சாமான் வாங்குற கடை எல்லாம் கிட்டக்கிட்ட. புது ஊருக்குப் போற குடும்பத்துக்கு இன்னிக்கும் இதே மூணுதான் வேணும். கூட பள்ளிக்கூடத்தைச் சேர்த்துக்கங்க.

தூரம் என்ன பண்ணும்னு உங்களுக்கு நான் சொல்லணுமா? திருவொற்றியூர்லருந்து சிறுசேரிக்கு ஷிஃப்டுக்குப் போய் வந்தவங்களுக்குத் தெரியும். டி.எச். ரோட்டில கன்டெய்னர் லாரி வரிசைக்கு நடுவுல போன காலை நேரங்களும், 2021 பிப்ரவரியில மெட்ரோ வந்து காலடிப்பேட்டையிலயே ஸ்டேஷன் திறந்த பிறகு வந்த வித்தியாசமும் ஞாபகம் இருக்கா? வீடு அதே வீடு. ஸ்டேஷன் வந்ததும் அந்த வீட்டோட மதிப்பே மாறிப் போச்சு. சிட்னியிலயும் அதே கதைதான்.

தப்பு 1: வாரத்தை நாலால பெருக்குறது

அங்க வாடகையை வாரக் கணக்குல சொல்வாங்க. விளம்பரத்துல 650 டாலர்னு இருந்தா நம்ம ஆளு உடனே நாலால பெருக்கி, "மாசம் 2,600" ன்னு எழுதிக்குவார். வருஷத்துக்கு 52 வாரம் இருக்கு. 650-ஐ 52-ஆல பெருக்கி 12-ஆல வகுத்தா மாசம் சுமார் 2,817 டாலர். வித்தியாசம் வருஷத்துக்கு 2,600 டாலர். பட்ஜெட்ல எழுதாம விட்ட ஒரு முழு மாச வாடகை அது.

தப்பு 2: வாடகையைத் தனியா பார்க்கிறது

ரெண்டு வீடு எடுத்துக்குவோம். இதெல்லாம் கணக்கு புரியறதுக்கு நான் வெச்ச எண்கள். ரியல்எஸ்டேட், டொமைன் தளங்கள்ல அன்னிக்கு இருக்கிற வாடகையைப் பார்த்து நீங்க மாத்திக்கங்க.

வீடு அ: ஸ்டேஷனுக்கு ஆறு நிமிஷ நடை. ரெண்டு பெட்ரூம் யூனிட், வாரம் 700 டாலர். கார் இல்லாம சமாளிக்கலாம்.

வீடு ஆ: ஸ்டேஷனுக்குப் போக பஸ் பிடிக்கணும். மூணு பெட்ரூம் தனி வீடு, வாரம் 620 டாலர். கார் இல்லாம பால் பாக்கெட் கூட வாங்க முடியாது.

வாடகையில மட்டும் பார்த்தா ஆ-வில வருஷத்துக்கு 4,160 டாலர் மிச்சம். ஆனா காரோட பதிவு, இன்சூரன்ஸ், பெட்ரோல், சர்வீஸ், வருஷா வருஷம் குறையற அதோட மதிப்பு எல்லாம் சேர்த்து வாரம் 180 டாலர்னு வைங்க. வருஷத்துக்கு 9,360. "சீப்" வீட்டுக்கு வருஷம் 5,200 டாலர் அதிகம் போகுது! மாறா, ரயில், பஸ்ஸுக்கான ஓப்பல் கார்டுல பெரியவங்களுக்கு வாரத்துக்கு 50 டாலர்ங்கிற உச்சவரம்பு இருக்கு. அதுக்கு மேல எவ்வளவு சுத்தினாலும் காசு கழியாது.

நேரத்தையும் எழுதுங்க. ஒரு வழிக்கு 35 நிமிஷம் அதிகம், வாரம் மூணு நாள் ஆபீஸ்னா மூணரை மணி நேரம் போச்சு. குழந்தை தூங்குறதுக்கு முன்னாடி வீடு வந்து சேர்றீங்களாங்கிறதை அந்த நேரம்தான் முடிவு பண்ணும்.

தமிழ் ஆளுங்க இருக்கிற பக்கம் போகலாமா?

2021 கணக்கெடுப்புப்படி ஆஸ்திரேலியாவில வீட்டில தமிழ் பேசறவங்க 95,000-க்கு மேல. சிட்னியில அவங்க நிறைய இருக்கிறது மேற்குப் பக்கம். பாரமட்டாவுக்கு அடுத்து வர்ற ஸ்டேஷன்களை வரிசையா சொல்றேன்: வெஸ்ட்மீட், வென்ட்வொர்த்வில், பெண்டில் ஹில், டூங்காபி. வெஸ்ட்மீட் பக்கத்துல மேஸ் ஹில்லில முருகன் கோயில். மளிகைக் கடை, தோசை மாவு, வார இறுதித் தமிழ்ப் பள்ளி எல்லாம் இந்தச் சுற்றுலயே கிடைக்கும். பெரிய மருத்துவமனையும் குழந்தைகள் மருத்துவமனையும் வெஸ்ட்மீட்லயே இருக்கு.

"நம்ம ஆளுங்க இல்லாத இடத்துக்குப் போனாத்தான் பையன் இங்கிலீஷ் கத்துப்பான்" னு சிலர் சொல்வாங்க. பையன் எப்படியும் ஸ்கூல்ல கத்துப்பான், அந்தக் கவலை வேண்டாம். முதல் வருஷத்துல நிஜமா தனியா நிக்கப் போறது யாருன்னு யோசிங்க.

உங்களுக்கு ஆபீஸ் இருக்கு, டீம் இருக்கு, லஞ்சுக்குப் பேச்சுத்துணை இருக்கு. இங்க வேலையை விட்டுட்டு வர்ற உங்க மனைவி (அல்லது கணவர்) பகல் பூரா அந்த சபர்ப்லதான் இருக்கணும். இங்க கதவைத் திறந்தா பக்கத்து வீட்டு அக்கா, ரெண்டு தெரு தள்ளி அம்மா வீடு. அங்க கதவைத் திறந்தா ஆள் நடமாட்டமே இல்லாத தெரு. கார் ஓட்டலாமேன்னு நினைச்சா, தற்காலிக விசாவில வந்தவங்க ஆறு மாசத்துக்குள்ள நியூ சவுத் வேல்ஸ் லைசென்ஸுக்கு மாறணும். இந்திய லைசென்ஸ் வெச்சிருக்கவங்க அதுக்கு டெஸ்ட் எழுதி, ஓட்டியும் காட்டணும்.

அதனால என் கருத்து இதுதான்: முதல் வீட்டை, அந்த ஏரியாவில அதிக நேரம் இருக்கப் போறவங்க தேர்ந்தெடுக்கட்டும். உங்க ஆபீஸ் தூரம் ரெண்டாவது. ஸ்டேஷன், பார்க், நூலகம், கடை நடக்கிற தூரத்துல இருந்தா வாரம் 50 டாலர் அதிகம் கொடுக்கிறதுல தப்பே இல்ல. அங்க மனசு ஒட்டாம பாதியில திரும்பி வந்தா ஆகிற செலவு இதைவிட எத்தனையோ மடங்கு.

பள்ளி: விலாசம்தான் நுழைவுச் சீட்டு

அங்க அரசுப் பள்ளிகளே நல்லா இருக்கும், ஆனா வீட்டு விலாசத்தை வெச்சுத்தான் இடம். கல்வித்துறையோட "ஸ்கூல் ஃபைண்டர்" பக்கத்துல விலாசத்தைப் போட்டா எந்தப் பள்ளின்னு காட்டும். தெருவுக்கு இந்தப் பக்கம் ஒரு பள்ளி, அந்தப் பக்கம் வேற பள்ளின்னு கூட வரும். சபர்ப் பேரை வெச்சு முடிவு பண்ணாம, வீட்டு நம்பரைப் போட்டுப் பாருங்க.

இன்னொண்ணு. கிரவீன் ஹை ஸ்கூல் மாதிரி செலக்டிவ் பள்ளிகளுக்கு நுழைவுத் தேர்வு எழுதித்தான் போக முடியும். பக்கத்துல வீடு எடுத்தா சீட் கிடைக்கும்னு நம்பி வாடகை அதிகம் கொடுக்காதீங்க.

கம்பெனி ஸ்பான்சர் பண்ற 482 விசாவில போறவங்க ரொம்ப கவனிக்க வேண்டியது: நியூ சவுத் வேல்ஸ்ல அரசுப் பள்ளிக்கே பிள்ளைக்கு வருஷா வருஷம் ஆயிரக்கணக்கான டாலர் கட்டணம் வரும். மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். சம்பளம் பேசும்போதே இதையும் எச்.ஆர். கிட்ட கேளுங்க. இந்த விசாவுக்கு மெடிகேர் கிடையாது, ஹெல்த் இன்சூரன்ஸ் நீங்கதான் எடுக்கணும். சின்னக் குழந்தைக்கான சைல்ட் கேர் மானியமும் பொதுவா கிடைக்காது. ஒரு நாளைக்கு 150 டாலர்னு வெச்சாலே வாரம் 750, வருஷம் 39,000. உங்க துணை வேலைக்குப் போறாங்களா இல்லையாங்கிறதையே இந்த ஒரு எண் முடிவு பண்ணிடும்.

குறைஞ்ச வாடகைக்கு ஒரு காரணம் இருக்கும்

வட சென்னைக்காரங்களுக்கு இது புதுசில்ல. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் வெள்ளத்தோட எண்ணெயும் வீட்டுக்குள்ள வந்ததை எண்ணூர் பக்கம் பார்த்தோம். அதே மாசம் நடுராத்திரியில அமோனியா வாடைக்குப் பயந்து ஜனங்க தெருவுக்கு ஓடி வந்ததையும் பார்த்தோம். "இந்த ஏரியாவில வாடகை ஏன் கம்மி?" ங்கிற கேள்வி நமக்குள்ளயே ஊறினது. அந்தப் புத்தியை விமானத்துல ஏறும்போது விட்டுட்டுப் போகாதீங்க.

வெள்ளம்: சிட்னியோட வடமேற்கு ஓரம் ஹாக்ஸ்பரி ஆறு. 2021-லயும் 2022-லயும் வின்ட்சர் பக்கம் தண்ணி ஏறிச்சு. வீடு பார்க்கிற கவுன்சிலோட வெள்ள வரைபடத்தைப் பார்த்துட்டுப் போங்க.

வெயில்: நமக்கு சாயங்காலம் கடல் காத்து வரும். மேற்கு சிட்னிக்கு அது பெரும்பாலும் எட்டாது. 2020 ஜனவரி 4-ம் தேதி பென்ரித்ல 48.9 டிகிரி பதிவாச்சு! ஏ.சி. இல்லாத பழைய வீடுன்னா வாடகையில மிச்சம் பிடிச்சது கரன்ட் பில்லில போயிடும்.

சத்தம்: மெயின் ரோடு, ரயில் பாதை, விமானப் பாதை. காலையில ஏழரைக்கு ஒரு தடவை, ராத்திரி எட்டுக்கு ஒரு தடவை அந்தத் தெருவில நடந்து பாருங்க.

கையில எவ்வளவு வேணும்?

பத்து மாச அட்வான்ஸ் கேட்கிற ஊர்லருந்து போறவங்களுக்கு ஒரு நல்ல செய்தி. நியூ சவுத் வேல்ஸ்ல பாண்டுங்கிற அட்வான்ஸ் அதிகபட்சம் நாலு வார வாடகை. அந்தப் பணம் வீட்டுக்காரர் கையில இருக்காது, அரசுகிட்ட டெபாசிட் ஆகணும். முன்கூட்டி ரெண்டு வார வாடகைக்கு மேல கட்டச் சொல்ல முடியாது.

வாரம் 650 டாலர் வீட்டுக்கு:

- பாண்டு: 2,600
- ரெண்டு வார வாடகை: 1,300
- முதல் நாலு வாரம் தற்காலிகத் தங்கல், வாரம் 1,100 வீதம்: 4,400
- ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், கட்டில் (வாடகை வீட்டில இதெல்லாம் பொதுவா இருக்காது): 3,000
- முதல் சம்பளம் வரைக்கும் சாப்பாடு, போக்குவரத்து: 2,000

மொத்தம் 13,300 டாலர். டாலர் 58 ரூபாய்னு வெச்சா சுமார் 7.7 லட்சம். பள்ளிக் கட்டணமும் இன்சூரன்ஸும் இதுல சேரல. இங்க ஓடுற இ.எம்.ஐ.க்கு மூணு மாசப் பணத்தையும், அம்மா அப்பா செலவுக்கான பணத்தையும் தனியா எடுத்து வெச்சுட்டுத்தான் இந்தக் கணக்கைத் தொடங்கணும். பர்சனல் லோன் போட்டு இந்தத் தொகையைப் புரட்ட வேண்டியிருந்தா, முதல்ல நீங்க மட்டும் போய் ஒரு ரூம்ல இருந்து, ரெண்டு மாசம் கழிச்சுக் குடும்பத்தைக் கூப்பிடுறதே நல்லது.

கையெழுத்துக்கு முன்னாடி

சென்னையில உட்கார்ந்துக்கிட்டு போட்டோ பார்த்து வீட்டுக்குப் பணம் அனுப்பாதீங்க. வாடகை மோசடியில மாட்டறதே பெரும்பாலும் இப்படித்தான். நேர்ல போக முடியலைன்னா, அங்க இருக்கிற நண்பர் யாராவது உள்ள போய்ப் பார்த்துட்டு வரட்டும்.

முதல் ஒப்பந்தத்தை முடிஞ்சா ஆறு மாசத்துக்குப் போடுங்க. நடுவுல காலி பண்ணினா கட்டணம் எவ்வளவுன்னு சட்டத்துலயே இருக்கு: காலத்துல கால் பங்குகூட முடியலைன்னா நாலு வார வாடகை, பாதிக்குள்ளன்னா மூணு, முக்கால் பங்குக்குள்ளன்னா ரெண்டு, அதுக்கப்புறம் ஒரு வாரம். தப்பான ஏரியாவில மாட்டிக்கிட்டோம்னு தெரிஞ்சா பயந்துக்கிட்டே இருக்க வேண்டாம். வெளிய வர்ற விலை உங்களுக்குத் தெரியும்.

இன்னிக்கு ராத்திரி ஒரு வேலை பண்ணுங்க. ஒரு பேப்பர்ல மூணு சபர்ப் பேர் எழுதுங்க. ஒவ்வொண்ணுக்கும் நேரா வருஷ வாடகை, போக்குவரத்து, கார், பள்ளி அல்லது சைல்ட் கேர், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் பயணம்னு நிரப்புங்க. கடைசிக் கட்டத்தை மட்டும் காலியா விட்டு, பேப்பரை உங்க வீட்டில இருக்கிறவங்க கையில கொடுங்க. "பகல்ல நீ தனியா இருக்கணும்னா இதுல எங்க இருப்ப?" ன்னு கேளுங்க.

அவங்க சொல்ற பதிலுக்கு விலை என்னன்னு உங்க பேப்பர்லயே இருக்கும். அதைக் கொடுக்க முடியுமான்னு பாருங்க. முடியும்னா, ஏரியா கிடைச்சாச்சு.