மடிக்கணினியை எந்நேரமும் சார்ஜில் போட்டு வைக்கலாமா?

"டேய், 100 ஆயிடுச்சு பாரு! பிளக்கைப் பிடுங்கு, பேட்டரி கெட்டுப் போயிடும்!"

வீட்டில் இப்படி ஒரு குரலை நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

சிங்கப்பூரில் 2021ஆம் ஆண்டிலிருந்து உயர்நிலைப்பள்ளி மாணவர்கள் எல்லாரிடமும் சொந்தமாக ஒரு கற்றல் சாதனம் இருக்கிறது. வாங்கிய சாதனம் படிப்பு முடியும்வரை உழைக்க வேண்டும். ஆனால் அதில் முதலில் தளர்ந்துபோவது பெரும்பாலும் மின்கலன்தான்.

அம்மா சொல்வது சரியா?

பாதி சரி.

இன்றைய மடிக்கணினிகளில் இருப்பது லித்தியம்-அயன் மின்கலன். அது நிறைந்ததும் கணினியே மின்னேற்றத்தை நிறுத்திவிடும். பிளக்கைப் பிடுங்க மறந்துவிட்டால் பதற வேண்டியதில்லை.

ஆனால் மின்கலன் நிறைந்திருக்கும்போது அதன் மின்னழுத்தமும் அதிகம். நாள்கணக்கில், வாரக்கணக்கில் அப்படியே இருந்தால் உள்ளே வேண்டாத வேதிவினைகள் வேகமாக நடக்கும். மின்கலனின் கொள்ளளவு கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும்.

அப்போ என்ன செய்யலாம்?

👉 80 விழுக்காட்டில் நிறுத்துங்கள்

பெரும்பாலும் மேசையில் வைத்தே பயன்படுத்துகிறீர்களா? பல மடிக்கணினிகளில் மின்னேற்றத்தை 80 விழுக்காட்டு அளவில் நிறுத்தும் வசதி உண்டு. செட்டிங்ஸில் அல்லது தயாரிப்பாளரின் செயலியில் தேடிப் பாருங்கள். ஒருமுறை போட்டுவிட்டால் போதும். நாள் முழுக்க வெளியே இருக்கப்போகிறீர்கள் என்றால் அன்று மட்டும் 100 வரை ஏற்றிக்கொள்ளலாம்.

👉 சூடாக விடாதீர்கள்

மின்கலனின் பெரிய எதிரி வெப்பம். ஆப்பிள் நிறுவனம் அதன் மடிக்கணினிகளை 10 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரையிலான சூழலில் பயன்படுத்தச் சொல்கிறது. நம்மூரில் பகல் வெப்பம் சாதாரணமாகவே 31, 32ஐத் தொடும். வெயிலில் நிறுத்திய காருக்குள் அதைவிட மிக அதிகப் புழுக்கம்.

மெத்தை, தலையணைமீது வைத்துப் படம் பார்ப்பதும் சிக்கல். காற்று போகும் துளைகள் அடைபடும். அடியில் ஒரு தட்டோ தடிமனான புத்தகமோ வைத்தால்கூடப் போதும்.

👉 சுத்தமாக இறங்க விடாதீர்கள்

"முழுசா இறங்கின பிறகுதான் சார்ஜ் போடணும்" என்பது பழைய நிக்கல்-காட்மியம் மின்கலன் காலத்து அறிவுரை. லித்தியம்-அயனுக்கு அது பொருந்தாது. 20 விழுக்காட்டை நெருங்கும்போதே மின்னேற்றலாம்.

ஜூன், டிசம்பர் விடுமுறையில் கணினியைத் தொடவே போவதில்லையா? பாதியளவு மின்னேற்றி, அணைத்து, குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள்.

எத்தனை நாள் தாங்கும்?

மின்கலனின் ஆயுளைச் சுழற்சிக் கணக்கிலும் சொல்வார்கள். இன்று 60 விழுக்காடு, நாளை 40 விழுக்காடு பயன்படுத்தினால் அது ஒரு சுழற்சி. அண்மைய மேக்புக் மடிக்கணினிகளுக்கு ஆப்பிள் சொல்லும் வரம்பு 1,000 சுழற்சி. வேறு பல மடிக்கணினிகளில் அது இன்னும் குறைவு.

உங்கள் மின்கலன் எப்படி இருக்கிறது என்று நீங்களே பார்க்கலாம். மேக் கணினியில் செட்டிங்ஸில் உள்ள 'பேட்டரி ஹெல்த்' பகுதியைத் திறங்கள். விண்டோஸில் 'பேட்டரி ரிப்போர்ட்' எடுக்கலாம். அதில் மின்கலனின் தொடக்கக் கொள்ளளவும் இப்போதைய கொள்ளளவும் இருக்கும். 50 வாட்-மணி இருந்தது 40 ஆகியிருந்தால் 80 விழுக்காடு மிச்சம். அதற்கும் கீழே போனால் புது மின்கலன் மாற்றுவதைப் பற்றி யோசிக்கலாம். புதுக் கணினி வாங்குவதைவிட அது பெரும்பாலும் மலிவு.

இதை மட்டும் அலட்சியப்படுத்தாதீர்கள்

டச்பேட் மேலே எழும்பியிருக்கிறதா? மூடி சரியாக மூடவில்லையா? மின்கலன் உப்பியிருக்கலாம். தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு.

❌ சார்ஜ் போடாதீர்கள்

❌ அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள்

❌ குப்பையில் வீசாதீர்கள்

கணினியை அணைத்துவிட்டுப் பழுதுபார்க்கும் நிலையத்தை நாடுங்கள்.

அடுத்த முறை அம்மா குரல் கொடுத்தால் பிளக்கைப் பிடுங்க ஓட வேண்டாம். 80 விழுக்காட்டில் நிற்கும் அந்த எண்ணைக் காட்டுங்கள்.