வீட்டிலேயே ஒரு கம்ப்யூட்டர் – 4: மிச்சக் காசுக்கு வாங்கக் கூடாத போர்டு

மைசூரை அடுத்த நஞ்சன்கூட்டில் ஒரு தொழிற்சாலையை ஏ.டி. அண்டு எஸ். என்ற ஆஸ்திரிய நிறுவனம் 1999-ல் வாங்கியது. அங்கே பிரிண்டட் சர்க்யூட் போர்டுகள் தயாராகின்றன. மைசூரிலேயே 1988-ல் தொடங்கிய கேன்ஸ் டெக்னாலஜி, வெறும் போர்டுகளின் மேல் சில்லுகளைப் பொருத்தித் தரும் வேலையைச் செய்துவருகிறது. போர்டு செய்கிற கை நம் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் ஹனூர் பக்கம் ராமாபுரத்தில் ஒருவர் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு மதர்போர்டு தேடினால், பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக்கோ சென்னை ரிச்சி தெருவுக்கோதான் போக வேண்டியிருக்கிறது. அந்தத் தெருக்களில் கிடைப்பவையும் பெரும்பாலும் ஏசஸ், ஜிகாபைட், எம்.எஸ்.ஐ., ஏஸ்ராக் என்ற தைவான் பெயர்கள்தான். டெஸ்க்டாப் போர்டுகளை இன்டெல்லே ஒரு காலத்தில் விற்றது. அந்தத் தொழிலிலிருந்து விலகப்போவதாக 2013 ஜனவரியில் அறிவித்துவிட்டது.

கடை கவுன்டரில் அடிக்கடி காதில் விழும் வாசகம் ஒன்று உண்டு: “ஐ-செவன் போட்டுடுங்க, போர்டு மட்டும் பட்ஜெட்டுக்குத் தகுந்த மாதிரி பாருங்க.” இந்த வரிசை தலைகீழ். பிராசஸரை இரண்டு வருடம் கழித்தும் மாற்றலாம். எதை மாற்ற முடியும், எதை முடியாது என்று முடிவு செய்வது போர்டுதான்.

ஓர் உதாரணம். கோர் ஐ-செவன் 14700 பிராசஸரின் அடிப்படை மின்தேவை 65 வாட். முழு வேகத்தில் அது 219 வாட் வரை இழுக்கும். பவர் சப்ளையிலிருந்து வரும் 12 வோல்ட்டை ஏறக்குறைய ஒரு வோல்ட்டுக்கு இறக்கித் தருவது போர்டின் வேலை. வோல்ட் இறங்கினால் ஆம்பியர் ஏறும். நூறு ஆம்பியருக்கும் மேல் பாயும். இந்த வேலையைச் செய்யும் பகுதிக்கு வி.ஆர்.எம். என்று பெயர். பிராசஸர் உட்காரும் சாக்கெட்டை ஒட்டி வரிசையாக நிற்கும் கறுப்புச் சில்லுகளும் சதுரக் காயில்களும் அதுதான். அவற்றின் மேல் அலுமினிய ஹீட்சிங்க் இல்லாத மலிவு போர்டில் பெரிய பிராசஸரைப் போட்டால், சூடு தாங்காமல் வேகம் தானே குறைந்துவிடும். காசு கொடுத்து வாங்கிய வேகம் கைக்கு வராது. போர்டில் மின்னும் கலர் விளக்குகளுக்குத் தரும் பணத்தை இந்த அலுமினியத்துக்குத் தருவதே புத்திசாலித்தனம்.

அடுத்தது சாக்கெட். 2021-ல் வந்த இன்டெல்லின் எல்.ஜி.ஏ. 1700-க்கு 2024-லேயே மாற்றாக 1851 வந்துவிட்டது. ஏ.எம்.டி.யின் ஏ.எம்.4 சாக்கெட் 2016-ல் வந்தது; 2024-லும் அதற்குப் புது பிராசஸர்கள் வெளியாயின. 2022-ல் வந்த ஏ.எம்.5-க்கு 2027 வரையாவது ஆதரவு உண்டு என்று அந்த நிறுவனம் சொல்லியிருக்கிறது. வருடாவருடம் புதிது வாங்க வசதியில்லாத குடும்பத்துக்கு என் சிபாரிசு ஏ.எம்.5. அளவில் மைக்ரோ ஏ.டி.எக்ஸ். போதும், 24.4 சென்டிமீட்டர் சதுரம். ஏ.எம்.5-ல் டி.டி.ஆர்.5 ரேம் மட்டுமே ஏறும். பழைய டி.டி.ஆர்.4-ன் வெட்டு வேறு இடத்தில் இருப்பதால் அது உள்ளே போகாது, அழுத்திப் பார்க்காதீர்கள்.

இனி பொருத்துவது. முதலில் ப்ளக் பாயின்ட்டில் எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள். எர்த் இல்லாத வீட்டில் கேபினெட்டைத் தொட்டாலே சுள்ளென்று இழுக்கும். போர்டை மேஜையில், அது வந்த அட்டைப்பெட்டியின் மேலேயே வையுங்கள்.

ஏ.எம்.5 சாக்கெட்டில் 1,718 பின்கள், முடியளவு மெல்லியவை, ஒரே பக்கம் சாய்ந்து நிற்கும். விரல் நுனி பட்டால் போதும், நாலைந்து வளைந்துவிடும். பிராசஸரின் மூலையில் உள்ள தங்க முக்கோணத்தையும் சாக்கெட்டின் முக்கோணத்தையும் ஒன்றாக வைத்து, மேலிருந்து நேராக இறக்கிக் கையை எடுத்துவிடுங்கள். அழுத்தவே கூடாது. அதன்பின் லீவரை இறக்கும்போது நல்ல அழுத்தம் தேவைப்படும். உடைகிறதோ என்று பயம் வரும். அந்த இறுக்கம் இயல்பானதுதான்.

ரேம் இரண்டு என்றால், பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டுகள். கேபினெட்டில் திருகுவதற்கு முன், பித்தளை ஸ்டாண்டாஃப்கள் போர்டின் துளைகளுக்கு நேராக மட்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள். தவறான இடத்தில் ஒன்று இருந்தால் அது பின்பக்க ஈயத்தைத் தொட்டு ஷார்ட் ஆகும்.

முதன்முறை ஆன் செய்ததும் ஏ.எம்.5 போர்டு சில நிமிடங்கள் கறுப்புத் திரையையே காட்டும். ரேமைச் சோதித்துப் பழக்கிக்கொள்ளும் நேரம் அது. போர்டு செத்துவிட்டது என்று பதறி ஸ்விட்சை அணைப்பவர்கள் உண்டு. பத்து நிமிடம் பொறுங்கள். அதற்கும் மேல் ஆனால், போர்டின் ஓரத்தில் எரியும் சின்ன விளக்கு சி.பி.யூ., டி-ரேம், வி.ஜி.ஏ., பூட் ஆகியவற்றில் எங்கே நிற்கிறது என்று பார்த்தால் கோளாறு எங்கே என்பது தெரிந்துவிடும்.

வளைந்த பின்னுக்கு வாரன்டி பொதுவாகக் கிடைக்காது. அதனால் வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கடையிலேயே சாக்கெட்டின் பிளாஸ்டிக் மூடியைத் திறக்கச் சொல்லி, கடைக்காரர் முன்னிலையில் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பில்லில் போர்டின் சீரியல் நம்பரை எழுதி வாங்குங்கள். அந்த மூடியையும் தூக்கிப் போடாதீர்கள். வாரன்டிக்கு அனுப்பும்போது அதைப் போட்டுத்தான் அனுப்ப வேண்டும்.

(அடுத்த வாரம்: பவர் சப்ளை)