ஃபிரெட்டுக்குத் தெரிந்திருந்ததா?

ஒருவரை இருவர் விரும்பும் முக்கோணக் காதல் கதையைக் காண்பவர்கள், படம் பாதியைத் தாண்டுவதற்குள் ஏதேனும் ஒரு பக்கம் சாய்ந்துவிடுவதும், யார் யாருடன் சேர வேண்டும் என்ற விருப்பத்தோடு இறுதிவரை காத்திருப்பதும் வழக்கம். டேவிட் லீன் இயக்கி, 1945 நவம்பரில் பிரிட்டனில் வெளியான 'பிரீஃப் என்கவுன்டர்' அந்த வழக்கத்துக்கு இடம் தரவில்லை. 86 நிமிடங்களே ஓடும் அந்தப் படம், காதலர்கள் பிரியும் காட்சியிலிருந்தே தொடங்கிவிடுகிறது. முடிவு முன்பே தெரிந்த கதை, பார்த்தவர்களை இத்தனை ஆண்டுகளாகப் பிளவுபடுத்தி வந்திருப்பது ஆராயத் தக்கது.

நோயல் கோவர்ட் 1936இல் மேடையேற்றிய 'ஸ்டில் லைஃப்' என்ற குறுநாடகமே படத்தின் மூலம். அதன் ஐந்து காட்சிகளும் ஒரு ரயில் நிலையச் சிற்றுண்டிச்சாலையிலேயே நிகழ்கின்றன. கணவன் ஃபிரெட்டுடனும் இரு குழந்தைகளுடனும் அமைதியாக வாழும் லாரா, வியாழக்கிழமைதோறும் கடைவீதிக்கும் நூலகத்துக்கும் திரைப்படத்துக்குமாக அருகிலுள்ள ஊருக்கு வந்துபோகிறாள். அவள் கண்ணில் விழுந்த தூசியை அகற்றும் மருத்துவர் அலெக்கும் மணமானவர்தான். ஆகவே இம்முக்கோணத்துக்கு உண்மையில் நான்காவது முனையும் உண்டு. ஆனால் அலெக்கின் மனைவி திரையில் ஒருமுறைகூடத் தோன்றுவதில்லை. காட்டப்படாதவளுக்காகப் பார்வையாளர்களும் பரிந்து பேசுவது அரிது என்பது, இத்தகைய கதைகளில் இரக்கம் எவ்வாறு பங்கிடப்படுகிறது என்பதைக் காட்டுகிறது.

வெளியீட்டுக்கு முன் பொதுமக்களின் மனநிலையை அறிய நடத்தப்படும் முன்னோட்டக் காட்சி, கென்ட் பகுதியிலுள்ள ராச்செஸ்டர் நகரில் நடந்தது. காதல் காட்சிகளின்போது முன்வரிசையில் ஒரு பெண் சிரிக்கத் தொடங்க, அரங்கமே அவளோடு சேர்ந்து சிரித்ததாகவும், படச்சுருளை எரித்துவிடலாமா என்று எண்ணுமளவுக்குத் தாம் மனம் நொந்ததாகவும் லீன் பின்னாளில் நினைவுகூர்ந்தார். அந்தச் சிரிப்பை ரசனைக் குறைவு என்று ஒதுக்குவது நியாயமாகாது. துறைமுகத் தொழிலாளரும் கடற்படையினரும் வாழ்ந்த அச்சூழலில், நடுத்தர வர்க்கத்தின் நறுக்கிய உச்சரிப்பும், தொடுவதற்கே தயங்கும் காதலும் வேற்றுலகத்துச் செய்தியாக ஒலித்திருக்கக்கூடும்.

மற்ற இடங்களில் வரவேற்பு வேறாக இருந்தது. 1946இல் கான் திரைப்பட விழாவின் உயரிய பரிசைப் பகிர்ந்துகொண்ட பதினொரு படங்களுள் இதுவும் ஒன்று. லாராவாக நடித்த சீலியா ஜான்சன் ஆஸ்கர் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டார். அயர்லாந்திலோ, மணவுறவை மீறும் காதலைப் பரிவோடு சித்திரிக்கிறது என்ற காரணத்தால் படம் தடை செய்யப்பட்டது. போர் பிரித்துவைத்த குடும்பங்கள் மீண்டும் ஒன்றுகூடத் தடுமாறிய காலம் அது. 1947இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறத்தாழ 60,000 மணமுறிவுகள் பதிவாயின. வீட்டுக்குத் திரும்பும் ஒரு மனைவியின் கதையை அந்நாளைய பார்வையாளர்கள் வெறும் கற்பனையாகக் கண்டிருக்க முடியாது. பின்னர் வந்த திறனாய்வாளர்கள், தன்பால் ஈர்ப்புடைய கோவர்ட் வாழ்ந்த சமூகத்தில் அத்தகைய ஆண்களின் காதல் 1967 வரை குற்றமாக இருந்ததை நினைவூட்டி, மறைந்து சந்திக்கும் இக்காதலர்களின் அச்சத்தில் அந்த ஒளிவுமறைவு வாழ்வின் சாயலையும் கண்டனர்.

ஆனால் பார்த்தவர்களை நீண்டகாலமாகப் பிரித்து நிறுத்துவது ஃபிரெட்தான். லாரா தன் கதையை மனக்குரலில், அதாவது வாய்திறவாமல் உள்ளத்துக்குள்ளேயே, எதிரே அமர்ந்து குறுக்கெழுத்துப் புதிர் நிரப்பும் கணவனை நோக்கிச் சொல்கிறாள். அவன் கேளாத வாக்குமூலத்தை அவனுக்குப் பதிலாகக் கேட்பவர் பார்வையாளர். எனவே காதலர்களுக்காக உருகும்போதே, ஏமாற்றப்படுபவனின் இடத்திலும் அவர் அமர்த்தப்படுகிறார். மருத்துவர் ஒருவருடன் உணவருந்தியதை அவள் முன்பொருநாள் சொன்னபோதும் புதிரிலிருந்து கவனத்தைத் திருப்பாமல், அவரை விருந்துக்கு அழைக்கலாம் என்றவன் ஃபிரெட். இத்தகைய மந்தமான மனிதனுக்கு எதுவும் தெரிந்திருக்காது என்று ஒரு சாரார் வாதிடுகின்றனர். படத்தின் இறுதியில் அவன் எழுந்துவந்து, நெடுந்தொலைவு போயிருந்தவள் தன்னிடம் திரும்பி வந்ததற்கு நன்றி சொல்வதை மறுசாரார் முன்வைக்கின்றனர்.

இரண்டாவது வாதமே வலுவுடையது. நடந்தது இன்னதென்று ஃபிரெட் அறிந்திருக்க வேண்டியதில்லை. மனைவி தன்னைவிட்டு விலகிப்போனதை அவன் உணர்ந்திருந்தான், அவளைக் கேள்வி கேட்டுக் குடையாமல் காத்திருந்தான் என்பதற்கு அந்த நன்றியே போதிய சான்று. ஃபிரெட்டாக நடித்த சிரில் ரேமண்ட் அந்த வரியைக் குற்றச்சாட்டின் நிழல்கூடப் படாமல் சொல்லியிருக்கிறார். முதன்முறை பார்ப்பவர்கள் அலெக்கின் பிரிவில் தோய்ந்திருப்பதால் ரேமண்டின் நடிப்பைத் தவறவிட்டுவிடுகிறார்கள்.